பாலத்தின் மேல் அரை மணி நேரம்

1. ஒரு வரைவு

ஜொகூர் பாருவில் ஓர் அரசாங்க கிளினிக்கின் மருந்தகப் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்த கடைசி ஆண்டில், இன்சுலின் போடும் நோயாளி ஒருவர் சிங்கப்பூர் பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு சரிந்து விழுந்தார். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. இன்சுலின் பேனாவைப் பிடிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். ஆகவே அறிக்கையையும் நானே எழுத வேண்டியிருந்தது.

நோயாளியின் பெயர் குணசேகரன், வயது ஐம்பத்து மூன்று. பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். கிளினிக்கிலிருந்து கடிதம் வந்தால்தான் மீண்டும் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவர் எங்கள் மருத்துவ அதிகாரி. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"மேடம், இவர் சொன்னபடி ஊசி போடுற ஆளா, இஷ்டத்துக்குப் போடுற ஆளா? இஷ்டத்துக்குன்னா நான் சைன் பண்ண மாட்டேன்."

பதில் என்னிடம் தயாராக இருந்தது. இன்சுலின் போடும் முறை பற்றிய தமிழ்த் துண்டறிக்கையை எழுதியவளும் நான்தான். வேறு ஐந்து கிளினிக்குகளில் அதைப் படியெடுத்து வைத்திருந்தார்கள். அதில் பிழை இருக்க முடியாது என்பது என் கருத்து. ஆகவே நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே எழுதினேன்: 'நோயாளி, வழங்கப்பட்ட அறிவுரையைப் பின்பற்றவில்லை.' வாக்கியம் நன்றாக அமைந்திருந்தது.

2. விசாரணை

மறுநாள் குணசேகரன் மனைவியுடன் வந்தார். என்னை 'மிஸ்ஸி' என்றார். அது தாதியரை அழைக்கும் சொல். நான் மருந்தாளர் என்பதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அன்று விளக்கவில்லை.

பேனாவைக் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொன்னேன். புதிய ஊசியைப் பொருத்தினார். இரண்டு யூனிட் வெளியேற்றிப் பார்த்தார். அளவைச் சரியாகத் திருப்பினார். நேற்று வயிற்றில் எந்தப் பக்கம், இன்று எந்தப் பக்கம் என்று கேட்காமலே சொன்னார். ஊசியை எடுப்பதற்கு முன் பத்து வரை எண்ண வேண்டும். எண்ணினார், நான் கற்றுக்கொடுத்த அதே வேகத்தில். எனக்கு இது உதவியாக இல்லை.

"அன்னிக்கு எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"காலைல அஞ்சு மணிக்கு, மிஸ்ஸி. வீட்டுல."

"சாப்பாடு?"

"அஞ்சரைக்கு, அந்தப் பக்கம் ஸ்டால்ல. பராட்டா ரெண்டு. தெனமும் அதான்."

"ஏன், வீட்டுல சாப்பிடக் கூடாதா?"

"ஊசி போட்டு அரை மணி கழிச்சுச் சாப்பிடுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. அரை மணி வீட்டுல உக்காந்தா ஜாம் ஆயிடும் லா. அதான் போட்ட கையோட மோட்டார எடுத்துருவேன். பாலம் தாண்டி ஸ்டாலுக்குப் போனா கரெக்டா அரை மணி."

"பொண்டாட்டி சொன்னா ஒன்னும் கேக்க மாட்டாரு," என்றார் மனைவி. "பேப்பர்ல போட்டிருந்தா நிமிஷம் தப்ப மாட்டாரு. உங்க நோட்டீஸ சுவத்துல ஒட்டி வெச்சிருக்காரு."

"நீ சும்மா இரு."

"பாலத்துல படுத்தவரு பேசுறாரு."

சம்பவத்தன்று மழை. பாலத்தில் மோட்டார் சைக்கிள் தடம் ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. கை நடுங்கியது, குளிர் என்று நினைத்திருக்கிறார். மழைக்கோட்டுக்குள் வியர்த்தது, புழுக்கம் என்று நினைத்திருக்கிறார்.

"மிட்டாய் வெச்சிருக்கச் சொன்னேனே?"

"இருந்துச்சு. சீட்டுக்கு அடியில. எஞ்சின நிப்பாட்டி சாவி போட்டுத் தொறக்கணும். பின்னால ஹாரன் அடிப்பானுங்க."

விழுந்தபோது நினைவு முழுவதும் போய்விடவில்லை; விழுங்க முடிந்தது. பின்னால் நின்ற மலாய்க்காரர் ஒருவர் தம் ஹேண்டிலில் பையில் கட்டித் தொங்கவிட்டிருந்த தே ஓவை, பால் சேர்க்காத இனிப்புத் தேநீரை, குடிக்கக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார். அவர் எந்தத் துண்டறிக்கையையும் படித்தவர் அல்லர்.

3. திருத்தம்

அவர்கள் போன பிறகு என் துண்டறிக்கையை எடுத்துப் படித்தேன். 'ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்து உணவு உட்கொள்ளவும்.' அவர் போட்டுக்கொண்ட கலவை இன்சுலினுக்கு அது சரியான விதி. ஆனால் அந்த அரை மணி நேரமும் உணவு கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றோ, ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பயணம் புறப்படக் கூடாது என்றோ நான் எங்கும் எழுதவில்லை. அது எவருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

முதலில், 'வழக்கத்திற்கு மாறான நெரிசலே காரணம்' என்று எழுதிப் பார்த்தேன். பாலத்து நெரிசல் வழக்கத்திற்கு மாறானது என்பதை ஜொகூரில் எவரும் நம்ப மாட்டார்கள். அடித்துவிட்டேன். பிறகு இப்படி எழுதினேன்: 'நோயாளி அறிவுரையை முழுமையாகப் பின்பற்றினார். அறிவுரை முழுமையாக இல்லை. அதை எழுதியவர் கீழே கையொப்பமிட்டிருப்பவர்.'

மருத்துவ அதிகாரி இருமுறை படித்தார்.

"மேடம், இத இப்படியே மேல அனுப்பவா? உங்களுக்குப் பென்ஷனுக்கு நாலு மாசம்தான் இருக்கு."

"அனுப்புங்க. குணசேகரனோட வேலைக் கடிதத்தையும் பாருங்க."

"சரி. இனிமே எங்க வெச்சுப் போடுவாரு?"

அந்தக் கேள்வியை, பேனாவைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த முதல் நாளே நான் குணசேகரனிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஏற்பாடு மாறியது. புறப்படுவதற்கு முன் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். குறைவாக இருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் மோட்டாரில் ஏற வேண்டும். பேனாவும் ஊசிகளும், எல்லைச் சோதனையில் காட்ட மருத்துவக் கடிதத்துடன், பையில் வர வேண்டும், வெயிலில் சூடாகும் சீட்டுக்கு அடியில் அல்ல. தொழிற்சாலை கேண்டீனில் உணவை வாங்கி மேசையில் வைத்துவிட்டுத்தான் ஊசி. அரை மணி அங்கேயே உட்கார வேண்டும். மிட்டாய் சட்டைப் பையில் இருக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்டில் ஏறுவதற்கு முன் மீண்டும் சோதனை. வேலைக்குப் போகாத நிலையிலேயே இரண்டு வாரம் இந்த நேரக் கணக்கில் அளவுகளைக் குறித்து வந்தார். அதிகாரி கையெழுத்திட்டார்.

அடுத்த மாதம் மருந்து வாங்க வந்த குணசேகரன் சொன்னார்: "சூப்பர்வைசர் கேக்குறாரு மிஸ்ஸி, பராட்டாவ வாங்கி வெச்சுக்கிட்டு தெனமும் யாருக்குக் காத்திருக்கன்னு."

"என்ன சொன்னீங்க?"

"உண்மையச் சொல்லிட்டேன். அவரும் ஊசிதானாம்."

இந்தப் பணிக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை யூனிட் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஊசி போட்ட பின் அந்த மனிதர் எங்கே இருப்பார், அங்கே சாப்பாடு இருக்குமா என்றும் கேளுங்கள்.

துண்டறிக்கையில் அந்த அரை மணி நேர வரியை மாற்றி எழுதியபின் ஐந்து கிளினிக்குகளுக்கும் நானே ஃபோன் செய்து, பழைய துண்டறிக்கையை எடுத்துவிடச் சொன்னேன். ஐந்து இடத்திலும் காரணம் கேட்டார்கள். ஐந்து இடத்திலும் சொன்னேன்.