மைனஸ் நாற்பத்து மூன்று கெஜம்

வெண்டல் நோவாக் பதினோரு வருடமாக அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறிகிற ஆள். ஆறு அணி, ஆறு ஊர். களத்தில் இறங்கிய நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு முழு ஆட்டம் தேறாது. முதல் ஆளுக்கு அடிபட்டால் இறங்கவேண்டும் என்று, தொப்பியை மாட்டிக்கொண்டு ஓரத்தில் நிற்பதுதான் வேலை. அந்த முதல் ஆட்களுக்கோ ஒன்றும் ஆகித் தொலைப்பதில்லை.

அவன் மனைவி ஜனெலுக்குப் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் வேலை. மாநிலம் மாறும்போதெல்லாம் உரிமம் புதிதாக வாங்க வேண்டும். அதே விண்ணப்பம், அதே தேர்வு, அதே அசட்டுப் புகைப்படம். மகள் டெஸ்ஸாவுக்கு ஒன்பது வயதில் நாலாவது பள்ளிக்கூடம். ஜனெல் திரைச்சீலை மாட்டுவதையே விட்டுவிட்டாள். மாட்டிய மறுவாரமே வெண்டலை அணியிலிருந்து கழற்றிவிட்டார்கள், அதுவும் இரண்டு ஊர்களில். ஆறாவது ஊரான பஃபலோவின் வீட்டு ஜன்னலில் பழைய படுக்கை விரிப்பைத்தான் ஆணியடித்து வைத்திருந்தாள்.

"இந்த அலைச்சல் எப்பதான் முடியும்?" என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்.

"ஒரே ஒரு டச் டவுன், ஜனெல். நான் எறிஞ்சு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் பிடிக்கணும். என் பேருக்கு ஒண்ணு. அன்னைக்கே விட்டுடறேன்."

அந்த ஒன்று விழுந்தபாடில்லை. விழுந்ததெல்லாம் மைனஸ். ஆட்டம் கைக்குள் இருந்தால், கடைசி நிமிடத்தைக் கரைக்க, குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும் முட்டி போட்டுவிடுவான். கடிகாரம் பாட்டுக்கு ஓடும். கணக்கெழுதுகிறவர்கள் அதையும் பின்பக்க ஓட்டமாக வைத்து அவன் கணக்கில் ஒரு கெஜம் கழித்துவிடுவார்கள். நல்ல ஆட்களை இதற்கெல்லாம் சிரமப்படுத்துவானேன் என்று வெண்டலை அனுப்புவார்கள்.

"அம்மா, என் கிளாஸ் பையன் ஓவன் ஃபோன்ல பாத்தானாம். அப்பா இதுவரைக்கும் ஓடினது மைனஸ் நாப்பத்தொண்ணாம். அப்படின்னா அப்பா எங்கம்மா இருக்காரு?"

"கிளம்பின எடத்துக்கும் பின்னாடி," என்றாள் ஜனெல்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாலு புள்ளி முன்னணி, மிச்சம் ஒரு நிமிடம் பத்து நொடி, பந்து எதிரணிக் கோட்டிலிருந்து ஆறே கெஜத்தில். முதல் ஆள் நொண்டிக்கொண்டே வெளியே வந்தான்.

"நோவாக், போ! முட்டி போடு, வேற எதையும் யோசிக்காத," என்றார் கோச்.

எப்படியும் முட்டிதான் என்று எதிரணி மொத்தமும் நடுவில் குவிந்தது. களத்தின் ஓரத்தில் பந்து பிடிக்க நின்ற வெண்டல் அணி நெட்டையனைக் கவனிக்க ஒரு ஆள் இல்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து ஜனெல் அதைப் பார்த்துவிட்டாள். எழுந்தே நின்றாள்.

"எறிடா! எறிஞ்சு தொலைடா!"

முன்வரிசைப் பெரியவர் திரும்பி, "பைத்தியமாம்மா உனக்கு? முட்டி போட்டா ஜெயிச்சாச்சு!" என்றார்.

"உங்களுக்கு ஜெயிச்சாச்சு. எனக்கு?"

வெண்டல் அந்த ஓரத்தைப் பார்த்தான். பிறகு முட்டி போட்டான். இன்னொரு முறையும் போட்டான். மைனஸ் நாற்பத்து மூன்று. அரங்கமே குதித்தது. ஒருவர்கூட அவன் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை.

காரில் ஏறியதும் கேட்டாள். "அவனைப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"தனியாத்தானே நின்னான்?"

"தனியாத்தான் நின்னான்."

"அப்புறம் என்ன கேடு?"

"ஜெயிச்சிட்டிருந்தோமே, ஜனெல்."

எரிச்சலில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தப்புப் பண்ணியிருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

மார்ச்சில் ஜாக்சன்வில்லிலிருந்து அழைத்தார்கள். ஏழாவது ஊர். "சொன்னதைச் செய்யற ஆள் வேணுமாம்," என்றான் வெண்டல், சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல். "அன்னைக்கு நான் முட்டி போட்டதைப் பாத்திருக்காங்க."

ஜனெல் எழுந்து போனாள். நிலவறையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிவந்து ஒட்டுப்பட்டையைக் கிழித்தாள். நாற்காலியில் ஏறிப் படுக்கை விரிப்பைப் பிடுங்கி எறிந்தாள்.

"என்ன பண்றே?"

"திரை மாட்டறேன்."

"மாட்டினா..."

"உன்னைக் கழற்றிவிடுவாங்களா? விடட்டும். நீ போய் எறி, இல்ல முட்டி போடு, என்னவோ பண்ணு. நானும் டெஸ்ஸாவும் இந்த வீட்டை விட்டு நகரமாட்டோம்."

திரை வளையம் ஒன்று கைநழுவி சோபாவுக்கடியில் உருண்டது. அதை எடுக்க வெண்டல் ஒற்றை முட்டி போட்டுக் குனிந்தான்.

"அதுக்கும் ஒண்ணு கழிச்சுக்கோ," என்றாள் திரும்பிப் பார்க்காமலே.

அவன் வளையத்தை நீட்டினான். நாற்காலி ஆடியது.

"பிடிச்சுக்கட்டுமா?"

"போறவன் எதுக்குப் பிடிக்கணும்?"

ஆனாலும் பிடித்துக்கொண்டான்.