மச்சமில்லாத நத்தார்

அக்கா முள்ளிவாய்க்காலில் கலியாணம் செய்துபோன பிறகு வந்த முதல் நத்தார் அது. நாங்கள் விசுவமடுவில் நெல் விதைக்கிற சைவக் குடும்பம். அத்தான் வீட்டார் கரையில் வலை இழுக்கிற வேதக்காரர்; கிறிஸ்து பிறந்த நத்தார்தான் அவர்களுக்குப் பெருநாள். நத்தார் மத்தியானம் அவர்களை எங்கள் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடுவதென்று அம்மா முடிவெடுத்ததும், என்ன சமைப்பதென்ற பொறுப்பை நானாகவே பிடுங்கிக்கொண்டேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்த காலம். எந்த ஊரிலிருந்து யார் இடம்பெயர்ந்து வந்தாலும் அவர்கள் அடுப்படியில் போய் நின்று, என்ன கறி, எப்படி என்று கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டு திரிந்தேன். பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சொன்னால் இவன் குசினிக்குப் படிக்கிறான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

என் திட்டம் முழுப் பக்கத்தை நிரப்பியது. கரை முறையில் கணவாய்க் கறி, இறால் பொரியல், சுறா வறை. வயல் முறையில் மொட்டைக்கறுப்பன் சோறு, பயறு போட்ட பூசணிக்காய், மோர். இரண்டு ஊரும் ஒரே தாமரை இலையில். நான் உரத்து வாசித்து முடிக்கும்வரை அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"திருவெம்பாவை விரதம் தொடங்குது. பத்து நாளும் இந்தக் குசினிக்குள்ள மச்சம் வராது."

மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் வீட்டில் மச்சம் என்ற ஒரே சொல்தான். விருந்துக்கு ஒழுங்கு செய்ய வந்திருந்த அக்கா எழுந்து கிணற்றடிக்குப் போனாள். நானும் போனேன்.

"மரக்கறி போட்டா மாமி என்ன நினைப்பா, தெரியுமே? கடற்கரைச் சனத்தின்ரை சாப்பாடு எங்களுக்கு அருவருப்பெண்டுதான். பிறகு நான் எந்த முகத்தோட அந்த வீட்டில இருக்கிறது?"

கலியாணத்துக்குப் போன எங்கள் உறவினரில் பாதிப் பேர் அங்கே தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியிருந்தார்கள். அத்தானின் தாயான மாமி அதைக் கண்டும் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தச் சொல்லாத சொல்தான் அக்காவை இத்தனை மாதமாகத் தின்றுகொண்டிருந்தது.

அடுத்த நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு முள்ளிவாய்க்காலுக்குப் போனேன். வாடைக்காற்றில் பெருங்கடல் கொந்தளித்துக் கிடந்தது. ஒரு வள்ளமும் இறங்கவில்லை. மாமி ஊருக்கு மறுபக்கம், அலையில்லாத நந்திக்கடல் களப்பில் நிற்கிறார் என்றார்கள். போய்ப் பார்த்தால், நெஞ்சளவு தண்ணீரில், கழுத்தில் இறால் போடும் ஓலைப் பறி தொங்க, வேறு இரண்டு பெண்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டு நின்றார். கண் தண்ணீரில் இல்லவே இல்லை. கைகள் மட்டும் அடியில் சேற்றைத் தடவின. கதை ஒரு இடத்திலும் அறுபடவில்லை. கை மேலே வரும்போதெல்லாம் அதில் ஒரு இறால் துடித்தது. நான் வந்த காரியத்தை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இதைக் கொப்பியில் எப்படி எழுதுவது?

கரையேறிய மாமியிடம் சுற்றி வளைத்து விசயத்தைச் சொன்னேன். விரதம், மச்சம், அம்மாவின் பிடிவாதம், எல்லாம். அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"நத்தாருக்கோ மீன்? தம்பி, மீன் எங்களுக்குச் சோறு மாதிரி. சோத்தை ஆரும் விருந்தெண்டு வைப்பினமோ? நல்ல பூசணிக்காயாப் பாத்துப் போடச் சொல்லுங்கோ." பறியை இறக்கி வைத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்டு மட்டும் அம்மாட்டைக் கேளுங்கோ. ஒரு கறி நான் வந்து வைக்கலாமோ? உங்கட குசினிக்குள்ள."

திரும்பி வரும் வழி முழுக்க அந்தக் கடைசிச் சொல் சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருந்தது. அம்மாவிடம் சொன்னேன். மூன்றாம் நாள்தான் விளக்குக்குத் திரி போட்டபடி, "முழுகிப்போட்டு வரச் சொல்லு" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். வந்து சமைக்கலாம் என்று மட்டும் மாமிக்குச் சொல்லியனுப்பினேன்; தலைக்குக் குளித்துவிட்டு வரும் பேச்சை விட்டுவிட்டேன். அதை எப்படிச் சொல்வது?

நத்தாரன்று காலை அத்தான் மாமியைச் சைக்கிளில் ஏற்றி வந்தார். பின்னால் இன்னொரு சைக்கிளில் மாமா. மாமி இறங்கியதும் ஒருவரும் சொல்லாமலே கிணற்றடிக்குப் போனார். தலைக்கு ஊற்றி, கொண்டுவந்த சீலையை மாற்றிக்கொண்டு குசினி வாசலில் நின்றார். அம்மா ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, உட்காருகிற பலகையை அவருக்கு நகர்த்திப் போட்டார்.

மாமி வாழைக்காயைச் சரிவாக வெட்டினார். பார்வைக்குப் பாரை மீனின் நடுத்துண்டு மாதிரியே. மிளகாய்த்தூள், வெந்தயம், பழப்புளி, கட்டித் தேங்காய்ப்பால், கரையில் மீனுக்குப் போடும் அத்தனையும் வாழைக்காய்க்கு. பக்கத்து அடுப்பில் அம்மாவின் பூசணிக்காய். இருவரும் வாயில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கவில்லை. அம்மா படைக்குமுன் ருசி பார்க்கமாட்டார். மாமி கடற்கரைக் கொட்டிலான வாடியில் வலைகாரருக்குப் பெரிய பானையில் சமைத்துப் பழகியவர்; ஆவிக்கு முகத்தைக் கொடுத்துவிட்டு, போதும் என்று மூடினார். தேக்கரண்டிக் கணக்கெல்லாம் எழுதிவைத்திருந்த நான் கொப்பியை மூடிவைத்தேன். மணம் வளவைத் தாண்டிப் போய், பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, திருவெம்பாவையில் மீனோ என்று கேட்டுவிட்டார். அம்மா பூசணிக்காயைக் கிளறியபடியே, ஓம், வாழைமரத்தில் பிடித்த மீன் என்றார்.

படைத்து முடிந்து, தாமரை இலை விரித்து எல்லோரும் இருந்தோம். அக்கா மட்டும் பரிமாறிக்கொண்டு நின்றாள். மாமா வாழைக்காய்க் குழம்பில் குழைத்து முதல் வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார். அக்காவின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

"உப்புக் கடலுக்குள்ள பிறந்தவனுக்கு," என்று மாமா மெதுவாகச் சொன்னார், "உப்பில்லாத குழம்பு."

அம்மாவும் மாமியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உங்கட கறியெண்டு நான் தொடேல்லை," என்றார் அம்மா.

"உங்கட குசினி. உப்பு நீங்கள்தானே போடவேணும் எண்டு நான் விட்டிட்டன்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அம்மா சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. அக்கா உப்பு எடுக்கத் திரும்பினாள்.

"நீ இரு," என்றார் அம்மா. பிறகு மாமியிடம், வீட்டு மனுசியிடம் சொல்வதுபோல, "அடுப்புக்குப் பின்னால சிரட்டைக்குள்ள கிடக்கு. எடுத்துக்கொண்டு வாங்கோ."

மாமி எழுந்து தனியாகக் குசினிக்குள் போனார். மூடிகளைத் தூக்கித் தேடும் சத்தம் கேட்டது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தன் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார். அக்கா அகப்பையை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து தனக்கும் ஒரு இலையை இழுத்துக்கொண்டாள்.