மெழுகுவத்தி அணைய வேண்டிய ஜாடி

கொசுவைக் கண்டால் ஒழுங்காக அடிக்கக்கூடத் தெரியாதவளுக்குத் தெரு வைத்த பெயர் ‘கொசு டாக்டர்’. அவள் பாடுபடுவதோ மலேரியாக் கிருமியோடு. மனித ரத்தத்தின் சிவப்பணுக்களில் கிருமியைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்கும் வேலை. தினமும் போய் இரை மாற்ற வேண்டும். ஞாயிறு, காய்ச்சல் என்று சாக்குச் சொன்னால் கிருமி கேட்குமா? தன் கல்யாணத்தன்று சாயங்காலமே ஆய்வுக்கூடத்துக்கு ஓடியவள் அவள். மாப்பிள்ளையான தையல்காரர் வாசலில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார்.

“உன் பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?” என்று அன்றைக்கு ஆரம்பித்த குத்தலை அவர் விடவே இல்லை.

இந்த வருடம் வந்த கிருமி லேசுப்பட்டதல்ல. ஒரு சிறுமியைச் சாவின் வாசல்வரை இழுத்துப் போனது. வழக்கமான மருந்துக்கு மசியவில்லை. வேறு மருந்தில்தான் பிழைத்தாள். ஆய்வுக்கு ரத்தம் எடுக்கச் சம்மதித்த தாய், “இன்னொரு பிள்ளைக்கு இப்படி வரக் கூடாதும்மா” என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கிருமி தட்டில் வேர்பிடிக்கவே மாதக்கணக்காயிற்று. உறைய வைத்துப் பத்திரப்படுத்தும் அளவுக்கு இன்னும் பெருகவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காற்றைக் கலந்து தரும் இயந்திரம் படுத்துவிட்டது. நாம் மூச்சுவிடும் காற்று அந்தக் கிருமிக்கு ஆகாது, பிராணவாயு குறைவாக இருக்க வேண்டும். “விட்டுடும்மா, வேற கிருமி பாத்துக்கலாம்” என்றார் துறைத் தலைவர். அவள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, அடுக்களையில இருக்கிற மெழுகுவத்திய எடுத்துக்கிட்டு ஓடி வாங்க!”

வீட்டுத் திண்ணையிலேயே கடை போட்டிருந்த தையல்காரர், பாதி வெட்டிய துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். போய்ப் பார்த்தால் விளக்கெல்லாம் ஜெகஜோதியாக எரிகிறது.

“என்னடி, விளையாடுறியா?”

அவள் பழைய கண்ணாடி ஜாடிக்குள் தட்டுகளை அடுக்கி, நடுவில் மெழுகுவத்தியை ஏற்றி, காற்றுப் புகாமல் விளிம்பெல்லாம் வாஸ்லைன் தடவி மூடினாள். சுடர் குன்றிக் குன்றி அணைந்தது.

“ஐயையோ, அணைஞ்சிடுச்சே!”

“அணையணும்ங்க! உள்ள இருந்த பிராணவாயுவ அது தின்னுடுச்சு. மிஷினெல்லாம் வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் வளத்தாங்க.”

ஜாடியைச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். தினமும் திறந்து இரை மாற்றினாள், புது மெழுகுவத்தி ஏற்றினாள். வாங்கிக் கொடுத்தவர் தையல்காரர். நான்காம் நாள் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுத் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவே இல்லை.

“நீங்களே பாருங்க.” கண்ணெல்லாம் தண்ணீர்.

பார்த்தார். ரோஜா நிற வட்டங்களுக்குள் பொடிப்பொடி மோதிரங்களாய்க் கிருமிகள், முன்னைவிட நிறைய. மார்பு விம்மியது மனிதருக்கு. இவள் என் பெண்டாட்டி என்று தெருவெல்லாம் தண்டோரா போடலாம் போலிருந்தது.

கடைக்குத் திரும்பினால், துணி கொடுத்தவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “நாலு நாளா இதோ அதோன்னு இழுத்தடிக்கிறீங்க. இப்ப எங்கய்யா போனீங்க?”

“எங்க பிள்ளைங்களப் பாத்துட்டு வரேன்” என்றார் தையல்காரர், கத்தரியை எடுத்துக்கொண்டே. “எல்லாரும் சௌக்கியம்.”