பனியைப் பார்க்காத சீல்

மதிய நேரங்களில் அந்தக் கம்ப்யூட்டர் திரையின் பச்சை எழுத்துகள் நீருக்கடியில் கிடப்பவைபோல் மெல்ல மிதக்கும். பீளமேட்டில், ராணுவத்துக்குப் பம்பும் உதிரிபாகமும் வாங்கித்தரும் அலுவலகம் அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு நான் சேர்ந்த முதல் வேலை. ஒரு பிரிவு கொள்முதலில் பட்ட அடி மற்றப் பிரிவுகளுக்கும் தெரியவேண்டும். அதற்கொரு பதிவுமுறை அமைப்பது என் பொறுப்பு. என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்தவர் எதைக் கவனிக்கவேண்டும் என்று மூன்று கட்டங்கள் வைத்தேன். இயக்குநர் நான்காவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: யாரால்.

அதோடு எல்லாம் நின்றுபோனது. தன் காலை ஒருவர் மிதித்துவிட்டால்கூட, “ஏனுங்க, என்ர கால் கொஞ்சம் அடியில மாட்டிக்கிச்சுங்க” என்று சொல்கிற ஊர் இது. இன்னொருவர் பெயரை அங்கே யார் எழுதுவார்கள்? டீ நேரத்தில் மட்டும் குறைகள் பெயரில்லாமல் உலாவும். திரை வெறுமையாகவே இருந்தது.

கொள்முதல் அதிகாரி மேடத்துக்கு அந்த வருடம் பதவி உயர்வு வரவேண்டியது. அவர் வாங்கி அனுப்பிய மண்ணெண்ணெய்ப் பம்புகள் மலைமுகாமில் ஒழுகுவதாகத் தகவல் வந்தது. ஒழுகாமல் அடைப்பதற்கான ரப்பர் சீல், நம்மூர் வெயிலில் மெத்தென்றிருந்தது, பனியில் விறைத்துவிட்டிருந்தது. குளிர்ச் சோதனை தேவையில்லை என்று கையெழுத்திட்டவர் அவர்தான்.

அன்று என் மேசைக்கு வந்தார். “தள்ளி உக்காரு அம்மணி, நானே அடிக்கறேன்.” ஒற்றை விரலால் தட்டித் தட்டி, நான்காம் கட்டத்தில் தன் பெயரைப் போட்டார்.

“மேடம், புரமோஷன் லிஸ்ட் போற நேரமுங்க.”

“தெரியும் கண்ணு. அதுவரைக்கும் பனி காத்திருக்குமா?”

மறுநாள் காலை, அந்தப் பதிவைப் படித்துவிட்டுப் பக்கத்துப் பிரிவு அதிகாரி மூச்சிரைக்க வந்தார். “மேடம், நாங்களும் அதே சீல்தானுங்க போட்டிருக்கறோம். லாரி நாளைக்குக் கிளம்புதுங்க! உங்க மானத்தைக் குடுத்து எங்க மானத்தைக் காப்பாத்திப்போட்டீங்க.”

“அப்ப ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுங்க,” என்றார் மேடம்.

சீல் மாற்றும்வரை லாரி கிளம்பவில்லை. மேடத்துக்குப் பதவி உயர்வும் வரவில்லை. ஆனால் அவர் பெயருக்குக் கீழே, தயங்கித் தயங்கி, மற்றப் பெயர்கள் வந்து சேர்ந்தன.

இப்போது துடியலூரில் வேறு அலுவலகம். நான் அமைக்கும் பதிவுமுறைகளில் அந்த நான்காம் கட்டம் கிடையாது. யாரால் என்று கேட்காததால் எழுதுவோருக்குப் பயமும் இல்லை. வேலைக்கு நடுவே எப்போதாவது, நான் பார்த்தேயிராத அந்த மலைமுகாம் கண்ணுக்குள் வரும். எங்கும் வெண்மை. யாரோ ஒருவன் கைகளைத் தேய்த்துக்கொண்டு பம்பை இயக்குகிறான். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அடுப்பு பற்றிக்கொள்கிறது. அவன் எங்களில் யாரையும் நினைக்காமல் குளிர்காய்கிறான்.