இந்த ஒரு சீசன் மட்டும்

எங்கள் லேப் அக்காவின் ஸ்டீல் லாக்கர் கதவின் உள்பக்கத்தில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். இடது பக்கம் வருடங்கள். வலது பக்கம் அந்தந்த வருடத்தில் அவர் மகள் படிக்கப்போகும் வகுப்பு. எல்.கே.ஜி.யில் தொடங்கிப் பத்தாவது வரை வரிசையாக எழுதி, எட்டாவதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். வெள்ளைக் கோட்டையும் தலைத் தொப்பியையும் எடுக்க ஒவ்வொரு காலையும் அந்தக் கதவைத் திறப்பார். தாளைப் பார்த்தாரா இல்லையா என்பது முகத்தில் தெரியாது. அந்த வட்டம்தான் அக்கா வேலையை விடப்போகும் வருடம் என்பதை, நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே பேக்கிங் பிரிவு ஆட்கள் வரைக்கும் என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் எங்களுக்கு வேலை. நான் காட்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன். அக்கா நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண்; கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்தவர், லேபுக்கு இன்சார்ஜ். எங்கள் தொழிலில் வருடம் என்பது இரண்டே பகுதிதான். மே மாதம் முழுக்க மெஷின்களைக் கழுவிச் சோதனை ஓட்டம். மாதக் கடைசியில் முதல் லாரி உள்ளே வந்தால் ஆகஸ்ட் வரை ஞாயிறு என்ற ஒன்று கிடையாது. மிச்ச மாதங்களில் கொஞ்சம் கொய்யா, கொஞ்சம் தக்காளி; சாயங்காலம் நாலரைக்கு வீட்டுக்குப் போய்விடலாம். பள்ளிக்கூடத்துக்கோ ஏப்ரல் கடைசியில் லீவு விட்டு ஜூன் நடுவில் திறப்பார்கள். ஆக, பாப்பா வீட்டில் இருக்கும்போது அக்கா தொழிற்சாலையில் இருப்பார். அக்கா சும்மா இருக்கும்போது பாப்பா பள்ளியில் இருப்பாள். அவளுடைய கோடை விடுமுறை ஒன்றைக்கூட அக்கா முழுதாகப் பார்த்ததில்லை. அதைப் பார்க்கத்தான் அந்த வட்டம்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். நாற்பது வயதில் வேலையை விட்டுவிடுவது எப்படி என்று போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு சேர்க்க வேண்டும், எதில் போட வேண்டும், வட்டி எவ்வளவு வரும் என்று பெரிய அட்டவணை ஒன்று வைத்திருந்தேன். அக்காவிடம் இருந்ததெல்லாம் வெதுருகுப்பத்தில் ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பும், வீட்டு மாடியில் ஒரு வாடகைப் போர்ஷனும்தான். இதை வைத்துக்கொண்டு எப்படி விடுவீர்கள் என்று கிண்டலடித்தேன். அக்கா கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:

"உன் கணக்குல துட்டு கீதுப்பா. என் கணக்குல பாப்பா க்ளாஸ் கீது. துட்டு கொறஞ்சா எப்பனா சேர்த்துக்கலாம். எட்டாவது போச்சுன்னா போச்சுதான்."

சரியான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டவர் சீசன்காரர். சீசன் நடுவே வேலையை விட்டுப் போகிறவனை எங்கள் ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். என் மகளின் முதல் பிறந்தநாள் ஜூனில் வந்தது, லீவு கேட்டேன். "சீசன்ல பொறந்தா அதுக்கு நானா பொறுப்பு?" என்று சிரித்துக்கொண்டே மறுத்தவர் இதே அக்காதான். சரி, சீசன் முடிந்ததும் விடலாமே என்றால், அப்போது விடுவதற்குக் காரணமே இருக்காது. பாய்லர் அணைந்துவிடும், லேப் குளிர்ந்துவிடும், பாப்பா பள்ளியிலிருந்து வருவதற்குள் அக்காவும் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். நிம்மதியான வேலையை எதற்கு விடுவது? பிப்ரவரி வந்து மாமரம் பூத்த பிறகுதான் அக்காவுக்கு ஞாபகம் வரும். அதற்குள் புது ஆளை எடுத்துப் பழக்க நேரம் போதாது. இந்த ஒரு சீசன் மட்டும் என்பார். எட்டாவதைச் சுற்றிய வட்டம் அடிக்கப்பட்டு ஒன்பதாவதுக்குப் போனது, அங்கிருந்து பத்தாவதுக்கு. ஒவ்வொரு தடவையும் அதே சிவப்புப் பேனா.

கடைசியில் பாப்பா பத்தாவது படித்த வருடம், மார்ச்சில், உண்மையாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். நாற்பத்திரண்டு வயது. கேக் வெட்டினோம், ஒரு மிக்ஸி வாங்கிக் கொடுத்தோம். இன்சார்ஜ் நாற்காலி எனக்கு வந்தது. பரீட்சை முடிந்ததும் இரண்டு மாதம் பாப்பாவோடு வீட்டில், அதில் பத்து நாள் வெதுருகுப்பம் தோப்பில், ஜூனில் அவளைத் திருப்பதியில் இன்டர் காலேஜ், அதாவது நம் பிளஸ் ஒன் பிளஸ் டூ, ஹாஸ்டலில் விடுவது, இதுதான் திட்டம். ஹாஸ்டல் சீட்டை அவள் ஒன்பதாவது படிக்கும்போதே பதிவு செய்துவிட்டார். முன்கூட்டிப் பதிந்தால் ஃபீஸில் சலுகை. முன்யோசனையில் அக்காவை மிஞ்ச ஆளில்லை.

அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில், ஏப்ரலிலேயே வகுப்பு தொடங்கிவிடும் என்று இருந்திருக்கிறது. பரீட்சை முடிந்த நான்காவது நாள் காலேஜிலிருந்து போன் வந்தது. அக்கா திருப்பதிக்கே போய் இரண்டு மாதம் அவகாசம் கேட்டிருக்கிறார். ஒரு மாதமாவது என்றிருக்கிறார். மற்ற பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள், பிறகு ரேங்க் போய்விட்டதென்று எங்களைக் கேட்காதீர்கள் என்று பிரின்சிபால் தெலுங்கில் மரியாதையாகச் சொன்னாராம். பாப்பாவும், எல்லாரும் போகிறார்களே, நான் மட்டும் எப்படி என்றிருக்கிறாள். பன்னிரண்டு வருடம் திட்டம் போட்டுக் கிடைத்தது பத்து நாள். அதிலும் நான்கு நாள் பெட்டி, பக்கெட், போர்வை வாங்கவே போய்விட்டது.

மே மாதம் மூன்றாவது வாரம் அக்கா தொழிற்சாலைக்கு வந்து நின்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். "நீ உட்காருப்பா" என்றார். பிறகு, "சீசனுக்கு மட்டும் எடுத்துக்கிறியா? வூட்ல சும்மா உக்காந்துக்கினு இன்னா பண்றது? அவ இல்லாத வூட்டுல லீவ வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். நான் சந்தோஷமாக எடுத்துக்கொண்டேன். அவரைப் போல ஒரு ஆள் சித்தூரில் எனக்குக் கிடைக்க மாட்டார். அந்த நேரத்தில் நான் நினைத்தது அவ்வளவுதான்.

ஹாஸ்டலில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு, இரண்டாவது ஞாயிறு, பெற்றோர் வந்து பிள்ளைகளை ஐந்து மணி வரை வெளியே கூட்டிப் போகலாம். அவுட்டிங் என்பார்கள். ஜூன் மாத அவுட்டிங்குக்கு அக்கா ஒரு வாரம் முன்பே லீவு சொல்லியிருந்தார். நானும் சரி என்றிருந்தேன். சனிக்கிழமை மழை பெய்தது. பழம் மொத்தமும் ஒரே வேகத்தில் கனிந்து, லாரிகள் கேட்டைத் தாண்டி மெயின் ரோடு வரை நின்றன. இனிப்பும் புளிப்பும் பார்த்துக் கையெழுத்துப் போட என்னை விட்டால் இரண்டு பேர்தான், ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் அக்கா. அக்காவைக் கூப்பிட்டு, "அடுத்த மாசம் போய்க்கலாமே அக்கா" என்றேன். அவர் கணவர் போகலாமே என்றும் சொன்னேன்; அவர் வேலை விஷயமாகச் சென்னையில் இருந்தார். அக்கா, "சரிப்பா. லாரி நிக்கிது இல்ல" என்று சொல்லி ஹாஸ்டலுக்குப் போன் போட்டுப் பார்த்தார்; லைன் கிடைக்கவில்லை, தொப்பியை மாட்டிக்கொண்டார். என் மகளின் பிறந்தநாளுக்குப் பழி வாங்கினேனா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை. பழி வாங்கியிருந்தால்கூட ஒரு காரணம் இருந்திருக்கும்.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு லேப் போன் அடித்தது. உள்ளே யாரும் செல்போன் வைத்திருக்கக் கூடாது. அக்காவின் போன் லாக்கரில் கிடந்தது. எடுத்தால் பாப்பா. வார்டன் போனிலிருந்து பேசினாள். அம்மாவைத் தேடித் தேடி எங்கள் லேப் நம்பர் அவளுக்குச் சின்ன வயதிலேயே மனப்பாடம்.

"அங்கிள், அம்மா கெளம்பிட்டாங்களா? காலைலேர்ந்து கேட்டாண்ட நிக்கிறேன்."

"லோடு வந்துகினே கீதும்மா" என்றேன்.

பின்னால் வேறு பிள்ளைகள் யாரையோ அம்மா, நைனா என்று கூப்பிடுவது கேட்டது. "சரி அங்கிள், சீசன்தானே" என்றாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. சீசன் என்றால் என்னவென்று அந்தப் பெண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "அம்மாவ நேரத்துக்குத் துன்னச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா வரிசையாகச் சாம்பிள் எடுத்துக்கொண்டிருந்தார். திருப்பதிக்கு இரண்டு மணி நேரம். அப்போதே பஸ் ஏற்றிவிட்டிருந்தால் கடைசி ஒரு மணி நேரமாவது கிடைத்திருக்கும். கதவு வரைக்கும் போனேன். வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே அக்கா என் மேசைக்கு வந்தார். "போன் ஏதாச்சும் வந்துச்சாப்பா?"

"இல்லக்கா" என்றேன்.

அக்காவின் முகம் தெளிந்தது. "நல்லது. காத்துக்கினு இருந்திருக்க மாட்டா. சிநேகிதப் பசங்களோட போயிருப்பா" என்றார். அன்று முழுக்க அப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. நான் வேலையை விட வேண்டிய வருடம் என் அட்டவணையில் இரண்டு தடவை தள்ளிப் போயிருக்கிறது; என் மகள் ஒன்றாவது முடித்துவிட்டாள். இந்த சீசனுக்கும் அக்கா வந்திருக்கிறார், பக்கத்து மேசைதான். அன்றைக்குப் போன் வந்ததைப் பாப்பாவும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.