லாத்தா வீட்டுக் கேமரா

என் கணவரும் அவருடைய அண்ணனும் சபுரில், அதாவது கடல் கடந்து, ஒரே அரபு நாட்டில் வேலை பார்க்கிறார்கள். இங்கே பெரியபட்டினத்தில் அண்ணன் மனைவியும் நானும் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர்தான். அவரை லாத்தா என்று கூப்பிடுவேன். போன வருஷம் வரை அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

லாத்தா வீட்டில் மாட்ட அண்ணன் ஒரு கேமரா அனுப்பிவைத்தார். அங்கிருந்தபடியே பார்க்கலாம், பேசலாம். அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. நான் மீன் கழுவிக்கொண்டிருப்பேன், சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் குரல் கேட்கும். "ஏ, பால் பொங்குது பாரு." "இன்னைக்கு என்ன, மஞ்சச் சேலையா?" லாத்தா "ஆமா" என்பார், "உம்" என்பார், அதற்குமேல் பேச மாட்டார். இந்த வயதில் வெட்கத்தைப் பார் என்று எனக்கு வயிறு எரியும். என் மச்சான், அதுதான் என் கணவர், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கூப்பிடுவார். "மோட்டார் ஓடுதா? உம்மாவுக்கு மாத்திரை வாங்குனியா?" பத்து நிமிஷம், அவ்வளவுதான். நான் மஞ்சள் கட்டினால் என்ன, கறுப்புக் கட்டினால் என்ன?

நச்சரித்து நச்சரித்து நானும் ஒன்று வரவழைத்தேன். லீவில் வந்த ஒருவர் கையில் மச்சான் கொடுத்தனுப்பினார். மாட்டித் தர லாத்தாவைக் கூப்பிடக் கூடாது என்று வைராக்கியம். அவருக்கு வருவது எனக்கு வராதா?

வரவில்லை. மூன்று நாள் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் வைஃபைக்கு இரண்டு பெயர், அதில் ஒன்றின் கடைசியில் ஐந்து என்று இருக்கும். ஐந்துதான் உசத்தி என்று அதையே அழுத்திக்கொண்டிருந்தேன். கேமரா அதைச் சீண்டவே இல்லை. நான்காம் நாள் ஊக்கு முனையால் அடியில் இருந்த ஓட்டையைக் குத்தி, முதலிலிருந்து ஆரம்பித்து, மற்ற பெயரைத் தொட்டேன். விளக்கு நீலமானது. என் அடுக்களை என் போனில் தெரிந்தது. நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு மச்சானுக்குச் சொல்லிவிட்டேன்.

அவர் போனில் எதுவும் வரவில்லை. கேமராவைப் பார்க்கச் சொல்லி ஆப்பிலிருந்து நான் அனுப்பிய அழைப்பு போய்ச் சேரவே இல்லை. "எனக்கு டூட்டி இருக்கு, மதினிகிட்ட கேளு" என்று வைத்துவிட்டார். கடைசியில் அங்கேதான் போய் நிற்க வேண்டியிருந்தது.

லாத்தா வந்தார். வந்ததும் முதல் வேலையாகக் கேமரா பிளக்கைப் பிடுங்கினார். பிறகுதான் என் போனை வாங்கிப் பார்த்தார்.

"ஆப்புல நாடு இந்தியான்னு போட்டிருக்க. அவுக கணக்கு அந்த நாட்டுக் கணக்கு. ரெண்டும் சேராதுடி. இங்கன நாம இருந்தாலும் அவுக நாட்டத்தான் போடணும்."

இந்தியாவில் இருந்துகொண்டு இந்தியா என்று போட்டது தப்பாம்.

"இப்ப என்ன செய்யணும்?"

"அழிச்சுட்டு அவுக கணக்குல ஏத்தணும். நான் அப்படித்தான் ஏத்துனேன்." லாத்தா பிளக்கைக் கையிலேயே வைத்திருந்தார். "ஏத்துனா அணைக்கிற பட்டன் அவுக போனுக்குப் போயிரும். இப்ப ஒன்கிட்ட இருக்கு. எங்கிட்ட இல்ல."

நான் பிளக்கை வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"போன மாசம் தலைவலின்னு பகல்ல செத்த நேரம் படுத்தேன். இன்னைக்குச் சோறு ஆக்கலையான்னு செவுத்துலருந்து சத்தம். ஒரு நா பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். உடனே போன் வருது, எங்கன போன, யாரு வந்திருக்கான்னு. ஒன் வீட்டுல நீ சும்மா உக்காந்திருக்கலாம். யோசிச்சுக்க."

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. அந்த "ஆமா"வும் "உம்"மும் வெட்கத்தில் வந்தவை அல்ல என்றும் புரிந்தது. பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் வயிறு எரிவது நிற்கவில்லை. அதை ஒளிக்க எனக்குத் தெரியவும் இல்லை.

"சோறு ஆக்கலையான்னு கேக்கவாவது ஒங்களுக்கு ஆள் இருக்குல்ல, லாத்தா" என்றேன். "அழிச்சுட்டு அவுக கணக்குல ஏத்துங்க."

லாத்தா என் போனில் இருந்ததை அழித்தார். பிறகு முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு பிளக்கைச் சொருகினார்.