இது வசியமில்லை, கண்ணை மூடுங்கோ

அறிதுயில், அதாவது ஹிப்னாடிசம், என்று சொன்னால் எங்கள் பக்கத்துச் சனத்துக்கு உடனே ஞாபகம் வருவது இரண்டுதான்: ஒன்று, மை பூசி ஆளை மயக்குவது, மற்றது, படங்களில் முகத்துக்கு முன்னால் ஆடும் மணிக்கூடு. என்னிடம் மையும் இல்லை, ஆடுகிற மணிக்கூடும் இல்லை. கிளிநொச்சியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே சின்ன அறை, ஒரு சாய்கதிரை, கொஞ்சம் பொறுமை. அவ்வளவுதான் என் தொழில். வருகிறவர் நித்திரையும் கொள்வதில்லை, மயங்குவதும் இல்லை. அலைகிற மனதை ஒரு இடத்தில் நிற்கப் பழக்குகிறோம். நித்திரை வராமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவர்களே, நானும் ஒரு காலத்தில் உங்கள் கட்சிதான். அதனால் நம்பி வாசியுங்கள்.

அழிக்கச் சொன்ன பெடியன்

கண்டாவளையில் இருந்து ஒரு அம்மா, வேலைக்குப் போகிற வயதில் இருக்கும் மகளை இழுக்காத குறையாக மாடிப்படி ஏற்றிக்கொண்டு வந்தா. "உவளின்ரை மனசில ஒரு பெடியன் இருக்கிறான். அவனை அழிச்சு விடு பிள்ளை" என்றா. மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "விருப்பமில்லாத ஆளின்ரை மனசில நான் ஒண்டையும் அழிக்கவும் ஏலாது, எழுதவும் ஏலாது அம்மா" என்றேன். அம்மா எழும்பிப் போகவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. "நீங்கள் கடைசியா எப்ப ஒழுங்கா நித்திரை கொண்டனீங்கள்?" என்று கேட்டேன். சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டா. புருசன் உயிரோடு இல்லை, மூத்தவன் வெளிநாட்டில். இவளும் போய்விட்டால் அந்த வீட்டில் தான் தனிய என்ற பயம் பொழுதுபட்டாலே நெஞ்சில் ஏறிக் குந்துமாம். மகள் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

சாய்கதிரையில் படுத்தது மகள் இல்லை, தாய்தான். மூச்சை மெல்ல விடச் சொன்னேன். நெற்றி, தாடை, தோள் என்று ஒவ்வொன்றாகத் தளர விட்டேன். பயம் இருக்கும் இடத்தைத் தொடச் சொல்லி, அந்தக் கையின் சூட்டை மட்டும் கவனிக்கப் பழக்கினேன். மகளும் பக்கத்தில் இருந்து பழகினாள். வீட்டில் படுக்கப் போகும்போது தாய்க்கு அவள்தான் சொல்லிக் கொடுப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக நித்திரை திரும்பியது. கடைசியாக வந்த அன்று இரண்டு பேரும் சிரித்துக் கதைத்தபடி படி ஏறினார்கள். போகும்போது அம்மா கதிரையைத் தட்டிப் பார்த்துச் சொன்னா: "அந்தப் பெடியனையும் ஒருக்கா இதில கொண்டந்து இருத்துவம் பிள்ளை. கலியாணத்துக்கு முதல் அவன்ரை மனசில என்ன கிடக்கெண்டு பாப்பம்."

ஒலிவாங்கியில் போன வசனம்

ஒரு பள்ளிக்கூடத்து உப அதிபர். வகுப்பில் சிங்கம், காலைக் கூட்டத்தில் மேடை ஏறினால் தொண்டை அடைத்துவிடும். ஏறும் முன் மனதுக்குள் சொல்ல ஒரு வசனம் கொடுத்தேன்: "நான் அமைதியாக இருக்கிறேன்." சொல்லும்போது பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இங்கே கதிரையில் இருந்து பலமுறை பழகினார். நன்றாக வந்தது.

முதல் நாள் மேடையில் பதற்றத்தில் மனதுக்குள் சொல்ல வேண்டியதை ஒலிவாங்கியில் சொல்லிவிட்டார். பிள்ளைகள் ஏதோ புது உறுதிமொழி என்று நினைத்து முழுப் பள்ளிக்கூடமுமாகத் திருப்பிச் சொன்னார்கள். மனிதருக்கு அத்தனை குரலும் தனக்குத் துணைக்கு வந்ததுபோல இருந்ததாம். அடைப்பு விட்டு, சொல்ல வந்த எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அன்று தொடங்கி அது தினமும் நடக்கிறது. சந்தையில் கண்டபோது அந்தப் பள்ளிக்கூடத்து அதிபர் அம்மா என்னை மறித்துச் சொன்னா: "உங்கடை வசனம் நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா 'அமைதியாக இருக்கிறேன்' எண்டு பிள்ளையள் கத்துற கத்துத்தான் காது தாங்கேலாமல் கிடக்கு."

பீலித் தண்ணி

ஜெயபுரத்து ராசம்மா அக்கா சின்ன வயதிலேயே மலையகத் தோட்டத்தை விட்டுப் பெற்றோருடன் வன்னிக்கு வந்தவ. காடு வெட்டி, வயல் செய்து, பாம்பையும் யானையையும் பார்த்தும் அஞ்சாத மனுசி. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போட வேண்டும் என்று கிளினிக்கில் சொன்ன அன்று மட்டும் ஓடிவிட்டா. ஊசியைக் கண்டால் உடம்பெல்லாம் ஆடும். கண் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. மருமகள்தான் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

எல்லோருக்கும் சொல்வதுபோல முல்லைத்தீவுக் கடற்கரையையும் குளிர்ந்த அலையையும் நினைக்கச் சொன்னேன். அக்கா கண்ணைத் திறந்து, "கடல்னா எனக்குப் பயமுங்க" என்றா. என் பாடம் அதோடு சரி. "அப்ப குளிர் எண்டா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்?" என்று கேட்டேன். முகம் மாறியது. "தோட்டத்துப் பீலிங்க. மலையில இருந்து கொழாயில வந்து விழும். வெடியக்காலையில கைய வச்சா எலும்பு வரைக்கும் ஏறும்." சரி, கையை அங்கேயே வையுங்கோ என்றேன். மெதுவாக விரல் விறைத்தது, உள்ளங்கை விறைத்தது. விறைத்த கையை, ஊசி போட வேண்டிய வயிற்றில் வைத்து அந்தக் குளிரை அங்கே இறக்கச் சொன்னேன். பல தடவை பழகிய பிறகு, கிளினிக்கில் தாதி பக்கத்தில் நிற்க, தானே ஊசியை எடுத்துப் போட்டா. நானும் கூடப் போயிருந்தேன். ஊசியை வைத்துவிட்டு இரண்டு கையையும் உரசிக்கொண்டு என்னிடம் சொன்னா: "குத்துனதே தெரியலீங்க. கைதான் வெரச்சுப் போச்சு. சுடச்சுட ஒரு பிளேன்டீ கெடைக்குங்களா? சீனி வேணாம்."

இல்லாத காலின் விரல்கள்

உடையார்கட்டில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் அண்ணை, இடது காலை யுத்தத்தில் இழந்தவர். கால் போய் எத்தனையோ வருசம். ஆனால் அந்தக் காலின் விரல்கள் உள்ளங்காலுக்குள் மடிந்து இறுகுவதுபோல நோகும். குளிசையும் எடுத்துப் பார்த்தார். நோவு வந்தால் கையில் இருக்கும் நட்டுக் கழற்றும் சாவியை எறிவார், பிள்ளைகள் பக்கத்தில் வர மாட்டார்கள். "கடையைப் பூட்டுவம் எண்டு இருக்கிறன்" என்றுதான் கதையைத் தொடங்கினார்.

கண்ணை மூடி, வலது கால் விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னேன். பிறகு, "இப்ப இடது கால் விரலை விரியுங்கோ" என்றேன். பட்டென்று கண்ணைத் திறந்தார். "இல்லாத காலை எப்பிடித் தங்கச்சி விரிக்கிறது?" "நோகிறதுக்கு இருக்குத்தானே அண்ணை. அப்ப விரியிறதுக்கும் இருக்கும்." அண்ணை சிரித்துவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடினார். வலது கால் செய்வதை இடது கால் பார்த்துச் செய்யட்டும் என்று விட்டேன். நெடுநேரத்துக்குப் பிறகு அவருடைய வாய் லேசாகத் திறந்தது. "பெருவிரல்..." என்றார். மூடிய கண்ணால் தண்ணீர் வழிந்தது. ஒவ்வொரு விரலாக விரித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினார்.

நோவு முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மாரி தொடங்கினால் எட்டிப் பார்க்கும். ஆனால் இப்போது அந்த விரல்களை விரிக்க அவருக்குத் தெரியும். காலையில் கடை திறக்கும் முன் அதைச் செய்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவாராம்; பிள்ளைகள் கடைக்குள்ளேயே விளையாடுகிறார்கள். அண்மையில் அந்தப் பக்கம் போனபோது என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இல்லாத கால் இப்ப சொல்வழி கேக்குது தங்கச்சி. இருக்கிற கால்தான் நாள் முழுக்க நிண்டு நோகுது. அதுக்கும் ஏதாவது பாருங்கோவன்."

ஆக, சனம் தங்கள் மனதாலே தாங்களே சுகமாகிவிட்டு நன்றியை மட்டும் எனக்குச் சொல்லிவிட்டுப் போகிறது. நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் வந்து சொன்னாலும் வாங்கிக்கொள்வேன்.